சைக்கிள் கொடுத்தார்கள், ரோடு கொடுக்கவில்லை



'விபத்து' என்கிற சொல்லின் மேல் எனக்கு நெடுநாளாகச் சந்தேகம் உண்டு. நாளிதழ்களின் தருமபுரிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்மூலையில் ஒற்றைப் பத்தியில் ஒரு செய்தி வரும். சைக்கிளில் ரோட்டைக் கடந்த கூலித் தொழிலாளி மீது அடையாளம் தெரியாத வாகனம் மோதியது, சம்பவ இடத்திலேயே பரிதாபமாக இறந்தார், போலீசார் விசாரித்து வருகின்றனர். அவ்வளவுதான். ஊர்ப் பெயரையும் வயதையும் மாற்றிவிட்டால் போன மாதச் செய்தியே இந்த மாதத்துக்கும் பொருந்தும். ஒரே மாதிரி இடத்தில், ஒரே மாதிரி ஆட்களுக்கு, திரும்பத் திரும்ப நடப்பதைத் தற்செயல் என்று எப்படிச் சொல்வது? இடி விழுந்த மாதிரி நினைத்துக்கொண்டு போ என்கிறது அந்தச் சொல்.

அண்ணல் அம்பேத்கருக்கும் ஒரு ரோடு விபத்து நடந்தது. 1929இல் தீண்டப்படாதோரின் குறைகளை விசாரிக்கப் பம்பாய் அரசாங்கம் அமைத்த குழுவில் அவர் உறுப்பினர். தூலேயில் வேலை முடித்துத் திரும்பும் வழியில் சாலிஸ்கான் ரயிலடியில் இறங்கினார். அங்கிருந்து நம்மவர்கள் குடியிருப்புக்குப் போகவேண்டும். குதிரைவண்டிக்காரர்கள் யாரும் அவரை ஏற்றி ஓட்டத் தயாராயில்லை. கடைசியில் வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுத்தார்கள், ஓட்ட ஆள் கொடுக்கவில்லை. வண்டி ஓட்டிப் பழக்கமே இல்லாத நம்மாள் ஒருவர் லகானைப் பிடித்தார். பாலத்தின்மேல் சக்கரம் கல்லில் மாட்டி வண்டி கவிழ, அம்பேத்கர் தூக்கியெறியப்பட்டார். கால் முறிந்தது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

இதற்கு இன்றைக்கு எஃப்.ஐ.ஆர். போட்டால் என்ன எழுதுவார்கள்? ஓட்டியவரின் அனுபவமின்மையும் அஜாக்கிரதையுமே காரணம் என்று எழுதுவார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த மனுஷன் லகானைப் பிடிக்கும்படி ஆனது எதனால்? சாதியால். மோதிய கணத்தை மட்டும் பார்த்தால் கல் தெரியும், சக்கரம் தெரியும். அதற்குப் பத்து நிமிஷம் முந்தி ரயிலடியில் நடந்தது தெரியாது. நம்முடைய மாவட்டத்து ரோடுகளில் சைக்கிள்காரர்கள் சாவதையும் அந்தப் பத்து நிமிஷம் முன்னாலிருந்துதான் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி.

ரோடு நமக்குச் சும்மா கிடைத்ததில்லை. 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் எந்த வகுப்பாரும் நடக்கலாம், யாரும் தடுக்கக்கூடாது என்றது அது. மனுஷன் ரோட்டில் நடப்பதற்கே தீர்மானம் போடவேண்டியிருந்த நாடு இது. அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடப்பதற்காகப் போராட்டம் தொடங்கியது. தீர்மானமும் சட்டமும் வந்த பிறகும் ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளைவிட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிக் கேரியரில் செருகி, தள்ளிக்கொண்டே போன தலைமுறை இன்னும் நம்மிடையே உயிரோடிருக்கிறது. "என்னடா, எங்க தெருவுல ஏறி உக்காந்துக்கிட்டு வர்றே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். சைக்கிள் சீட்டு நமக்கு வெறும் சீட்டு இல்லை.

பெண்களுக்கு இன்னும் கூடுதலாக அப்படி. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணையாக நின்றார். கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிகளும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த சைக்கிளை எடுத்தார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பத்து வருஷம் கழித்து, 2001-02இல், பதினொன்று பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண்களுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. பிறகுதான் அது மற்ற வகுப்புப் பெண்களுக்கும், 2005-06இலிருந்து பையன்களுக்கும் விரிந்தது. இன்று ஊரெல்லாம் வாங்கும் அந்தச் சைக்கிள் முதலில் சேரிப் பெண்ணின் பெயரில் வந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

2012 நவம்பர் 7ஆம் தேதி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளை எரித்தவர்கள் வீடுகளோடு வண்டிகளையும் எரித்தார்கள். எரித்தவனுக்குத் தெரியும், சக்கரம் என்பது என்னவென்று.

சரி, இவ்வளவு பாடுபட்டு ஏறி உட்கார்ந்த சைக்கிள் எந்த ரோட்டில் போகிறது?

காரிமங்கலத்திலிருந்து தொப்பூர் வரைக்கும் நம் மாவட்டத்தைக் கீறிக்கொண்டு போகிறது தேசிய நெடுஞ்சாலை. பழைய பெயர் ஏழாம் நம்பர் ரோடு, இப்போது 44. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும், நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை. பெங்களூர்க்காரன் சேலத்துக்குச் சீக்கிரம் போகவேண்டும் என்று அதை அகலப்படுத்தினார்கள். அந்தச் சீக்கிரத்துக்கு யாருடைய நேரத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் கேள்வி. காலனி ஒரு பக்கம், பள்ளிக்கூடம் மறுபக்கம். காலனி ஒரு பக்கம், ரேஷன் கடையும் வேலைக்காடும் மறுபக்கம். நடுவில் சென்டர் மீடியன். திரும்புவதற்கு இடைவெளி ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்த் திரும்பினால் ரெண்டு கிலோமீட்டர். எண்பதில் போகிற கார்க்காரனுக்கு அது ஒன்றரை நிமிஷம். புத்தகப்பையோடு மிதிக்கிற பெண்ணுக்குப் பத்து நிமிஷம், காலையிலும் மாலையிலும். அவள் என்ன செய்வாள்? ராங் சைடில் வருவாள். அல்லது மீடியனில் செடி காய்ந்த இடமாகப் பார்த்துச் சைக்கிளைத் தூக்கிப் போட்டுத் தாண்டுவாள். செத்தால் 'விதியை மீறிக் கடந்தார்' என்று எழுதுவார்கள். விதி போட்டவன் அவள் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டானா?

காலனிகள் ஏன் ரோட்டோரத்தில் இருக்கின்றன என்பதும் தற்செயல் இல்லை. ஊருக்கு வெளியே, புறம்போக்கில், ஏரிக்கரையில், யாருக்கும் வேண்டாத விளிம்பில் நம்மை வைத்தார்கள். பிறகு அந்த விளிம்பைத் தேடிக்கொண்டு நெடுஞ்சாலை வந்தது.

நகரத்துக்குள் வந்தால் வேறு கதை. தருமபுரி நாலு ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அரூரிலோ பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ பஸ் திரும்புகிற முக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சைக்கிள்காரன் நிற்க ஒரே இடம்தான், இடது ஓரம். அதுதான் கொலைக்களம். லாரியோ பஸ்ஸோ இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வண்டி எவ்வளவு நீளமோ அவ்வளவு வெட்டும். டிரைவர் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் ஒட்டி நிற்கிற சைக்கிள் அவருடைய கண்ணாடியில் தெரியாது. முன்சக்கரம் தாண்டிவிட்டது, பிழைத்தோம் என்று சைக்கிள்காரன் நினைக்கிற நேரத்தில் பின்சக்கரம் வந்துவிடும். லாரியின் பக்கவாட்டில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில், ஆள் உள்ளே போகாதபடி தடுப்புக் கம்பி இருக்கவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. நாளைக்கு நாலு ரோட்டில் பத்து நிமிஷம் நின்று எத்தனை லாரியில் அது ஒழுங்காக இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

அப்புறம் வேகம். கார் ஐம்பது கிலோமீட்டருக்குக் குறைவான வேகத்தில் நடந்துபோகிறவர் மீது மோதினால் சாகும் வாய்ப்பு நூற்றுக்கு இருபதுக்கும் கீழே, எண்பதில் மோதினால் கிட்டத்தட்ட அறுபது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சைக்கிளில் போகிறவனுக்கும் நடந்துபோகிறவனுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பேருக்கும் உடம்புதான் பம்பர்.

மத்திய அரசின் கணக்கே சொல்கிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் சைக்கிளில் போனவர்கள் 4,800க்கும் மேல். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலை சுமார் 2 சதவீதம்தான், சாவில் அதன் பங்கு 36 சதவீதம். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. இந்தக் கணக்கில் எந்த வண்டி, எந்த வயது, ஆணா பெண்ணா, எந்த ரோடு என்று எல்லாவற்றுக்கும் அட்டவணை இருக்கிறது. செத்தவன் எந்தச் சாதி என்பதற்கு அட்டவணை இல்லை.

"ரோட்டுல எல்லாந்தான் சாவுறான், இதுலயும் எதுக்குச் சாதியக் கொண்டாறீங்க?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். தொப்பூர் கணவாயைப் பாருங்கள். 2020 டிசம்பர் 12ஆம் தேதி சிமெண்ட் லாரி ஒன்று பத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை நசுக்கி நாலு பேர் செத்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் லாரிகள் மோதி, ஒரு லாரி பாலத்திலிருந்து விழுந்து, கார் எரிந்து, மறுபடியும் நாலு பேர். அவர்கள் எந்தச் சாதி என்று மரணம் கேட்கவில்லை. அந்தச் சாவுகள் நமக்கும் துக்கம்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். தொலைக்காட்சி வந்தது, மந்திரி வந்தார், பலநூறு கோடி ரூபாயில் உயர்மட்டச் சாலைக்குத் திட்டம் வந்தது. வரட்டும், வேண்டியதுதான். ஒருவர் ஒருவராகச் சாகிற சைக்கிள்காரனுக்கு என்ன வந்தது? சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தது. மாணவர்களை வெயிலில் நிறுத்தி 'கவனமாகச் செல்வோம்' என்று உறுதிமொழி வாங்கினார்கள். கார்க்காரனின் சாவுக்குப் பாலம், கால்காரனின் சாவுக்குப் போதனை. சாதி வேலை செய்கிற இடம் இதுதான்.

இன்னொரு இடமும் இருக்கிறது. அது என் மேஜைக்கே வருகிறது. நான் வங்கிக் குமாஸ்தா. வாகன விபத்துத் தீர்ப்பாயம் இழப்பீடு கொடுத்தால் மைனர் பிள்ளைகளின் பங்கை வைப்புநிதியில் போடச் சொல்லும். ஒரு தாய் ரசீதை நீட்டி, "பெரியவளுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும் சார், கொஞ்சம் எடுக்க முடியுமா?" என்று கேட்டார். கோர்ட்டு உத்தரவு இல்லாமல் முடியாதும்மா என்று சொல்லவேண்டியது என் வேலை. அவர் ரசீதை மடித்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, "அவரு இருந்தாக் கோர்ட்டயா கேக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ரசீதில் இருக்கும் தொகை எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்த கணக்கு இது. செத்தவரின் ஆண்டு வருமானத்தில் அவருடைய சொந்தச் செலவைக் கழித்து, வயதுக்கேற்ற எண்ணால் பெருக்கவேண்டும். முப்பத்துமூன்று வயது, மனைவியும் ரெண்டு பிள்ளைகளும் என்றால் மூன்றில் ஒரு பங்கு கழிவு, பெருக்கும் எண் 16. மற்றச் சேர்க்கைகளை விட்டுவிட்டுப் பார்ப்போம். மாதம் 10,000 என்று வைக்கப்பட்ட கூலிக்காரருக்கு 12,80,000 ரூபாய். மாதம் 60,000 வாங்கும் அதிகாரிக்கு 76,80,000 ரூபாய். ஒரே ரோடு, ஒரே லாரி, ஒரே வயது. உயிரோடு இருக்கும்போது கூலியைக் குறைத்தார்கள், செத்த பிறகு அந்தக் குறைந்த கூலியை வைத்தே உயிரை அளக்கிறார்கள். கூலிக்காரரிடம் சம்பளச் சீட்டு கிடையாது, ஆகவே அந்தப் பத்தாயிரத்தையும் வாதாடித்தான் வாங்கவேண்டும். எஃப்.ஐ.ஆரில் 'திடீரென்று குறுக்கே வந்தார்' என்ற ஒரு வரி இருந்தால் அவர் மேலும் பாதித் தவறு என்று தொகை இன்னும் குறையும். ஆகவேதான் அந்த ஒரு வரிக்காக ஸ்டேஷனில் நாம் போய் நிற்கவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நம் கோபம் லாரி டிரைவர் மேல் பாய்ந்துவிடக்கூடாது. இந்தப் பக்கத்து லாரிகளில் டிரைவராகவும் கிளீனராகவும் போகிறவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. ரெண்டு ராத்திரி தூங்காமல் ஓட்டச் சொல்கிற முதலாளியும், அளவுக்கு மேல் ஏற்றுகிற கம்பெனியும் அடிபடுவதில்லை. ஸ்டியரிங் பிடித்தவனைக் கட்டிவைத்து அடிப்பதோடு கணக்கு முடிந்துபோகிறது. சாலிஸ்கானில் லகான் பிடித்தவரை அடித்தால் தீர்ந்துவிடுமா?

வெளிநாட்டில் சைக்கிள் போற்றப்படுகிறது, அது அவர்கள் பண்பாடு என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு நெதர்லாந்தின் கதையைச் சொல்லவேண்டும். அங்கும் கார் பெருகிச் சைக்கிளை ஒழித்துக்கொண்டுதான் இருந்தது. 1971இல் மட்டும் அந்தச் சின்ன நாட்டின் ரோடுகளில் 3,000க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், அதில் 400க்கும் மேல் குழந்தைகள். பள்ளிக்குச் சைக்கிளில் போன தன் மகளைப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர் 1972இல் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு, 'குழந்தைக் கொலையை நிறுத்து'. அவர் விபத்து என்று எழுதவில்லை, கொலை என்று எழுதினார். அதே பெயரில் இயக்கம் எழுந்தது. தாய்மாரும் தகப்பன்மாரும் பிள்ளைகளும் தெருவை மறித்தார்கள், சைக்கிளோடு ஊர்வலம் போனார்கள், விடவில்லை. இன்று உலகமே பார்க்கிற அந்தச் சைக்கிள் பாதைகள் பண்பாட்டில் முளைத்ததில்லை, சண்டையில் முளைத்தது.

நமக்குச் சட்டம் இல்லாமலும் இல்லை. சைக்கிளுக்குத் தனிப்பாதை எப்போது போடவேண்டும் என்று இந்தியச் சாலைப் பேராயம் 1962இலேயே எழுதிவைத்துவிட்டது. நெரிசல் நேரத்தில் மணிக்கு 200 மோட்டார் வண்டிக்கு மேல் ஓடுகிற ரோட்டில், மணிக்கு 100 சைக்கிள் போனாலே தனிப்பாதை நியாயம் என்பது அன்றைய அளவுகோல். 2015இல் அந்த விதிகளைத் திருத்தியும் வெளியிட்டார்கள். அறுபது வருஷத்துக்கு மேலாகக் காகிதத்தில் சைக்கிள் போய்க்கொண்டிருக்கிறது.

நாம் கேட்பது இவைதான். நெடுஞ்சாலை காலனியையும் பள்ளியையும் பிரிக்கிற இடத்தில் எல்லாம், சைக்கிளோடு போக அடியில் ஒரு வழி, மழைத்தண்ணீர் நிற்காமல், இரவில் விளக்கோடு. இரண்டு பக்கமும் அறுந்துபோகாத சர்வீஸ் ரோடு. டவுன் முக்குகளில் 'ஃப்ரீ லெப்ட்' ஒழிப்பு, வண்டி வேகம் குறைந்து திரும்பும்படி முனையைக் குறுக்குதல். சிக்னலில் வண்டிகளுக்கு முன்னால் சைக்கிள் நிற்க ஒரு கட்டம், பச்சை விழும்போது சில வினாடி முந்திப் போக உரிமை. பள்ளி விடும் நேரத்தில் முக்குகளில் கனரக வண்டிக்குத் தடை. இதில் எதற்கும் ராக்கெட் விஞ்ஞானி தேவையில்லை.

கேட்டால் கொடுத்துவிடுவார்களா? கொடுக்கமாட்டார்கள். அதனால் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. ஆளுக்கொரு நோட்டு எடுத்துக்கொண்டு, காலை எட்டு முதல் ஒன்பதரை வரை, மாலை நாலு முதல் ஐந்தரை வரை உங்கள் முக்கில் நில்லுங்கள். சைக்கிளை எண்ணுங்கள், மோட்டார் வண்டியை எண்ணுங்கள். சீருடையில் எத்தனை பேர், ராங் சைடில் எத்தனை பேர், ஏன் வருகிறார்கள் என்று நிறுத்திக் கேளுங்கள். மீடியன் இடைவெளி எத்தனை அடி தூரத்தில் என்று அளந்து குறியுங்கள். கடந்த ஐந்து வருஷத்தில் அந்த இடத்தில் போட்ட எஃப்.ஐ.ஆர். எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் காவல்துறையிடம் கேளுங்கள். கிராமசபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடுகிறது. அங்கே தீர்மானம் போடுங்கள். ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதன் முன்னால் இந்த நோட்டை வையுங்கள்.

அடிபட்டவர் வீட்டுக்குப் போகிற தோழர்கள் இவற்றை மனப்பாடமாக வைத்திருக்கவேண்டும். முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் உண்டு. தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கிறவரைப் போலீஸ் தொந்தரவு செய்யக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. மோதிய வண்டி தெரியாவிட்டாலும் சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை. 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று பத்திரிகையில் படித்ததும் விதியே என்று உட்காராமல் வருவாய்த்துறையிடம் மனு கொடுக்கவேண்டும். வண்டி தெரிந்தால் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனு போடவேண்டும். துக்கம் ஆற ஒரு வருஷம் ஆகும், சட்டம் காத்திராது.

நூறு வருஷத்துக்கு முந்தி ரோட்டில் நடக்க உரிமை கேட்டோம். இன்று அதே ரோட்டில் சாகாமல் போக உரிமை கேட்கிறோம். முதல் கேள்விக்கு 'உன் சாதிக்கு இங்கே இடமில்லை' என்று பதில் வந்தது. இரண்டாவது கேள்விக்கு 'உன் வண்டிக்கு இங்கே இடமில்லை' என்று பதில் வருகிறது. பதில் சொல்கிற குரல் ஒன்றாகத்தான் எனக்குக் கேட்கிறது.

எண்ணிய நோட்டுகளை எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். முக்கின் பெயர், தேதி, நேரம், எண்ணிக்கை. கவிதைக்கு ஒதுக்கிய பக்கங்களை எடுத்தாவது அடுத்த இதழில் அச்சேற்றுகிறோம்.

ஜெய்பீம்.